தூணின் இரண்டு சுமைகள்

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்களுக்குத் தூண் கண்ணில் படக் கூடாது. சுவரைவிட்டு நாலு அங்குலம் துருத்தி நின்றாலும் பீரோவை மூலையோடு ஒட்டிப் போட முடியாது. கட்டிலை நகர்த்த வேண்டிவரும். திரைச்சீலைக் கம்பி நேராக ஓடாது. சுவர் ஒன்பது அங்குலம், அதனால் தூணும் ஒன்பது அங்குலம். இன்னும் வலு வேண்டுமென்றால் சுவரின் நீளவாக்கில் 12, 15, 18 அங்குலம் என்று நீட்டிக்கொள்ளலாம், யாரும் ஆட்சேபிப்பதில்லை. வரைபடம் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரின் மேசைக்கு வருவதற்கு முன்பே இந்த 230 மி.மீ. முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு போடுகிற கணக்கெல்லாம் அந்த மெல்லிய திசையோடு மல்லுக்கட்டுவதுதான்.

வீட்டுக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தத் தூண் எத்தனை மாடி தாங்கும்? வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டுகிறவர் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? ஆனால் அந்தக் கேள்விக்குள் எடை மட்டுமே இருக்கிறது. தூணுக்கு எடை ஒருநாளும் தனியாக வருவதில்லை. ஒரு பக்கம் நீளமான பீமும் மறுபக்கம் குட்டையான பீமும் வந்து சேர்ந்தால், நீளமானது தன் முனையைத் திருப்பப் பார்க்கும். அந்தத் திருப்பலைத் தூண் வளைந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சுவர்த் தூணுக்கு மறுபக்கம் ஈடுகொடுக்கப் பீமே கிடையாது. காற்றும் நிலநடுக்கமும் கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது எல்லாத் தூண்களும் வளைகின்றன. இந்தத் திருப்புவிசையைத்தான் நாங்கள் மொமெண்ட் என்கிறோம். எடையும் மொமெண்டும் ஒரே நேரத்தில் ஒரே குறுக்குவெட்டில் வந்து நிற்கும்போது அது தாங்குமா என்று பார்ப்பதே தூண் சரிபார்ப்பு. எடைக்குத் தனியாகவும் வளைவுக்குத் தனியாகவும் பார்த்து, இரண்டும் தேறிவிட்டது என்று கையெழுத்துப் போட முடியாது.

எடையை மட்டும் வைத்துத் தூணை முடித்துவிட ஒரு சூத்திரம் இருக்கத்தான் செய்கிறது. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 நெறிமுறையில், 39.3ஆம் பிரிவு. கான்கிரீட்டின் பரப்பை அதன் வலுவில் 0.4 பங்கால் பெருக்கு, கம்பியின் பரப்பை அதன் வலுவில் 0.67 பங்கால் பெருக்கு, இரண்டையும் கூட்டு, முடிந்தது. கைபேசியிலேயே போட்டுவிடலாம், பலர் போடவும் செய்கிறார்கள். ஆனால் அதே பிரிவில் சூத்திரத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை நிற்கிறது: குறைந்தபட்ச விலகல், தூணின் பக்க அளவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விலகல் என்பது எடை தூணின் மையத்தை விட்டு எவ்வளவு தள்ளி இறங்குகிறது என்பது. அதன் குறைந்தபட்ச அளவை 25.4ஆம் பிரிவு சொல்கிறது: தாங்கல் இல்லாத உயரத்தை 500ஆல் வகுத்து, பக்க அளவை 30ஆல் வகுத்து, கூட்டு, 20 மி.மீ.க்குக் கீழே வந்தால் 20 என்றே வைத்துக்கொள். 230இல் 5 சதவீதம் 11.5 மி.மீ.தான். 20 அதை எப்போதோ தாண்டிவிட்டது. கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், 400 மி.மீ.க்குக் குறைந்த எந்தப் பக்கத்துக்கும் அந்தச் சூத்திரம் செல்லாது. நம் வீடுகளில் 400 மி.மீ. சதுரத் தூணை எங்கே பார்க்கிறோம்? எடைச் சூத்திரத்தில் தேறியதாகச் சொல்லி நிற்கிற ஒன்பது அங்குலத் தூண்கள் நெறிமுறையின் கண்ணில் இன்னும் சோதிக்கப்படவே இல்லை.

அந்த 20 மி.மீ. எனக்கு மிகவும் பிடித்த எண். தூக்குக்குண்டு விட்டுத்தான் பலகை அடைக்கிறார்கள். ஆனாலும் கான்கிரீட் விழ விழப் பலகை கொஞ்சம் பிதுங்கும். வைப்ரேட்டரை இறக்கும்போது கம்பிக்கூடு ஒரு பக்கமாகச் சாயும். கீழ்த்தளத் தூணின் மையமும் மேல்தளத் தூணின் மையமும் நூல் பிடித்ததுபோல் பொருந்திவிடுவதில்லை. நெறிமுறை எழுதியவர்கள் இதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. கைவேலையில் இவ்வளவு இருக்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள். 60 டன் எடை 20 மி.மீ. தள்ளி இறங்கினால் 1.2 டன்-மீட்டர் வளைவு. கணக்கில் மொமெண்ட் வராவிட்டாலும் இதையாவது தூண் தாங்கட்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். வேலை செய்கிற மனிதர்களை அறிந்தவர்கள் எழுதிய விதி.

இனி, எடையும் வளைவும் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்பது. 300க்கு 450 மி.மீ. தூண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எம் 25 கான்கிரீட், எஃப்.இ. 500 கம்பி, 16 மி.மீ.யில் எட்டுக் கம்பிகள், குட்டை முகங்கள் இரண்டிலும் மும்மூன்று, நடுவில் இரண்டு. 450 மி.மீ. திசையில் வளைகிறது. தலையில் எடையே இல்லையென்றால் இது சுமார் 12 டன்-மீட்டர் மொமெண்டைத் தாங்கும். இப்போது 60 டன்னை ஏற்றுங்கள். ஏற்கெனவே இவ்வளவு சுமக்கிற தூணால் வளைவை முன்போலத் தாங்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டால் 16 டன்-மீட்டர் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. எடையை இன்னும் கூட்டினால் மெல்ல இறங்கத் தொடங்கி, 128 டன் வாக்கில் பழைய 12க்குத் திரும்பும். அதற்கப்பால் சரிவுதான். 210 டன்னை நெருங்கும்போது வளைவுக்கென்று கொடுக்கத் தூணிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சித்தாள் செங்கல் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து கற்களை வரிசையாகச் சேர்த்து, இரு முனைகளையும் உள்ளங்கையால் அழுத்தி, ஒரே துண்டுபோலத் தூக்குவார். கற்களுக்கிடையே எந்த ஒட்டும் இல்லை. அழுத்தம்தான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. கை தளர்ந்தால் நடுக்கல் நழுவும். தூணிலும் எடை இந்த வேலையைத்தான் செய்கிறது. வளைவு ஒரு முகத்தை இழுத்துப் பிளக்கப் பார்க்கிறது. இழுவிசைக்குக் கான்கிரீட் நோஞ்சான். மேலிருந்து வரும் எடை அந்த முகத்தையும் அழுத்திப் பிடித்து, இழுப்பில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. கம்பிக்குச் சுமை குறைகிறது. ஆனால் அதே எடை எதிர்முகத்தில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் உதவியைவிட உபத்திரவம் மிகுந்துவிடும்.

இதைப் படமாக வரைந்தால், கிடை அச்சில் மொமெண்ட், நிலை அச்சில் எடை. கோடு கீழே தொடங்கி, வலப்பக்கம் மூக்குப்போல நீண்டு, பிறகு உள்வாங்கி மேலே போய் முடியும். கான்கிரீட் நொறுங்குவதும் (நெறிமுறைப்படி அதன் குறுக்கம் 0.0035ஐத் தொடும்போது) எதிர்முகக் கம்பி இளகுவதும் ஒரே நொடியில் நேரும் நிலையை ஒட்டித்தான் அந்த மூக்கு இருக்கிறது. மூக்குக்குக் கீழே உள்ள தூணில் கம்பி முதலில் இளகும். கீறல் விடும், வளையும், மனிதர்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். மூக்குக்கு வெகு மேலே உள்ள தூண் எந்த முன்னறிவிப்பும் தராது. கம்பி இளகும் முன்பே கான்கிரீட் நொறுங்கிவிடும். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 நெறிமுறை 2016இல் திருத்தப்பட்டபோது, தூணில் ஏறும் அழுத்தத்துக்குக் கான்கிரீட் வலுவில் 0.4 பங்கு என்று வரம்பு வைத்தது இதனால்தான். மேலே சொன்ன தூணுக்கு அது 135 டன். தாங்கும் திறன் அதற்கு மேலும் இருக்கிறது. ஆனால் அந்தத் திறனை நம்பக் கூடாது என்று விதி சொல்கிறது.

இந்த வளைகோட்டுக்குப் பின்னால் உடைக்கப்பட்ட தூண்கள் இருக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எய்வின்ட் ஹோக்னெஸ்டாட், மையம் தவறிய சுமையின் கீழ் கான்கிரீட் தூண்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து 1951இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் வாழ்கிறது. நம்மிடம் இந்த வளைகோடு எஸ்.பி. 16 என்ற 1980ஆம் ஆண்டுக் கையேடாக வந்து சேர்ந்தது. பக்கம் பக்கமாக வளைகோடுகள். ஸ்கேலையும் பென்சிலையும் வைத்து எடைக்கு ஒரு கோடு, மொமெண்டுக்கு ஒரு கோடு இழுத்து, இரண்டும் வெட்டும் இடத்தில் எவ்வளவு கம்பி என்று படிப்போம். அந்தப் புத்தகத்தோடு பழகியவர்களுக்குத் தங்கள் தூண் மூக்குக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பது கண்ணிலேயே பட்டுவிடும். இன்று மென்பொருள் 0.93 என்று ஒரு விகிதத்தை அச்சிட்டுப் பச்சை நிறம் காட்டுகிறது. அது தவறில்லை, வேகமானது, ஆயிரம் சுமைச் சேர்க்கைகளைக் களைப்பில்லாமல் பார்க்கிறது. ஆனால் 0.93 என்ற எண்ணில் மூக்கு தெரியாது. எந்தச் சேர்க்கையில் அந்த எண் வந்தது என்று பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். இளைஞர்கள் அந்த வரியையும் படிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

எஸ்.பி. 16இல் இன்னொன்றும் உண்டு. முகத்திலிருந்து கம்பியின் மையம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை வைத்துப் படங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன: தூணின் தடிப்பில் 0.05, 0.10, 0.15, 0.20 பங்கு. அத்தோடு நின்றுவிடும். நம் 230 மி.மீ. தூணுக்குக் கம்பிக்கூட்டை மூடும் கான்கிரீட் கவர் 40 மி.மீ., கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் 8 மி.மீ., 12 மி.மீ. கம்பியில் பாதி 6, மொத்தம் 54. அது 0.23 பங்குக்கும் மேல். மெல்லிய திசையில் ஒன்பது அங்குலத் தூணுக்கு அந்தப் புத்தகத்தில் படமே இல்லை. இரு முகக் கம்பிகளும் நடுவை நோக்கி நெருங்கி நிற்கின்றன. வளைவை எதிர்க்க அவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம் அங்கே கிடைப்பதில்லை.

மூக்குக்குக் கீழே எடை நண்பன் என்றால், எடை குறையும்போதுதான் தூணுக்கு ஆபத்து. நான் இவ்வளவு தூரம் சொல்ல வந்தது இதைத்தான். எடை மிகுந்த நிலையை எல்லோரும் பார்க்கிறார்கள். எடை குறைந்து வளைவு மிகுந்த நிலையை யார் பார்க்கிறார்கள்? நெறிமுறை அதையும் கேட்கிறது. நிலைச்சுமையை 1.5 மடங்காகப் பெருக்கு என்று சொல்கிற அதே அட்டவணையில், நிலைச்சுமையை 0.9ஆகக் குறைத்து, காற்றை அல்லது நிலநடுக்கத்தை 1.5 மடங்காக்கிப் பார் என்றும் ஒரு வரி இருக்கிறது. கட்டடத்தின் எடை நாம் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைந்து, புயல் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடினால்? அந்த நாளுக்கான வரி அது.

கல் மண்டபங்கள் நமக்கு இதை நூற்றாண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன. கம்பி கிடையாது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இழுவையைத் தாங்க எதுவும் கிடையாது. மேலே பரப்பிய கனத்த கற்பலகைகளின் எடைதான் தூணை நிறுத்திவைத்திருக்கிறது. எடை தூணின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கும்வரை எந்த மூட்டும் வாய் திறக்காது. கூரையை இலகுவாக்கினால் அந்தத் தூண் பலப்பட்டுவிடாது.

மூலைத் தூணுக்கு வருகிறேன். ஒரு வீட்டில் மிகக் குறைந்த எடை வருவது அதற்குத்தான். நடுத் தூணுக்கு வருவதில் ஏறக்குறைய கால் பங்கு. அதனால் அதை மெலிதாகவே போடுகிறார்கள். ஆனால் இரண்டு திசைகளிலும் மறுபக்கம் பீம் இல்லாமல் நிற்பதும் அது ஒன்றே. இரு திசை வளைவையும் ஒருசேரப் பார்க்க, கலிபோர்னியாவின் பெர்க்லியில் போரிஸ் பிரெஸ்லர் 1960இல் ஒரு வழி சொன்னார். ஐ.எஸ். 456 அதைத்தான் பின்பற்றுகிறது: ஒவ்வொரு திசையிலும் வருகிற மொமெண்டை, அந்தத் திசையில் தூண் தாங்கும் மொமெண்டால் வகுத்து, ஒரு அடுக்குக்கு உயர்த்தி, கூட்டினால் 1ஐத் தாண்டக் கூடாது. அந்த அடுக்கு, தூணில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தூணின் முழு நேர்த்திறனில் 0.8 பங்குக்கு எடை இருந்தால் அடுக்கு 2. இரு திசையிலும் 60 சதவீதம் வந்தால் 0.36ம் 0.36ம் 0.72, தேறிவிட்டது. எடை 0.2 பங்கோ அதற்குக் குறைவோ என்றால் அடுக்கு வெறும் 1. அதே 60ம் 60ம் 1.2, தோற்றுவிட்டது. இலேசாகச் சுமக்கிற மூலைத் தூணிடம் விதி மிகக் கண்டிப்பாக இருக்கிறது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் நிலம் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. பல கட்டடங்களில் தரைத்தளம் வண்டி நிறுத்துவதற்காகத் திறந்து விடப்பட்டிருந்தது. மேல்தளங்களில் சுவர்கள் தள்ளலைப் பங்கிட்டுக்கொள்ள, தரைத்தளத் தூண்கள் மட்டும் மொத்த வளைவையும் வாங்கின. அடுத்த ஆண்டே நிலநடுக்க விசைகளுக்கான ஐ.எஸ். 1893 நெறிமுறை திருத்தப்பட்டது, அப்படிப்பட்ட தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்குக் கணக்கிட வேண்டும் என்று அது சொன்னது. சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியதும் அப்போதுதான். விசையைக் கூட்டிக் கணக்கிட்டாலும், வளைகோட்டில் நாம் படிக்கும் திறனெல்லாம் ரிங்குகள் அவிழாமல் இருந்தால்தான். முனையை 90 பாகையில் மடக்கி விட்டால், மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துவிடும். உள்ளே 135 பாகைக்கு மடக்கினால் முனை கான்கிரீட்டின் கருவுக்குள் ஊன்றிக்கொள்ளும். கம்பி கட்டுகிறவருக்கு ஒவ்வொரு ரிங்குக்கும் கூடுதலாக ஒரு திருகு. அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

நிலநடுக்கம் வரைகூடப் போக வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் இப்போது வீட்டின் உச்சித் தளத்தில் விசேஷங்களுக்கு என்று ஒரு ஹால் போடுவது வழக்கமாகிவிட்டது. நடுவில் தூண் இருக்கக் கூடாது, 30 அடிக்கு ஒரே பீம். அப்படி ஒரு வரைபடம் என்னிடம் வந்தது. பீம்கள் நாலு மீட்டருக்கு ஒன்று. தூண்கள் 230க்கு 450, வழக்கம்போல 450 சுவரோடு போகிறது. அதாவது நீண்ட பீம் வந்து முட்டுவது மெல்லிய திசையில். தூணுக்கு இரு முகத்திலும் நந்நான்காக 12 மி.மீ. கம்பி போதும் என்று குறித்திருந்தார்கள். தூணின் தலையில் வருவது 20 டன் சொச்சம். பீம் தரும் திருப்பல் 7 டன்-மீட்டரைத் தாண்டுகிறது. அந்த எடையில் அந்தத் தூண் தாங்குவது நாலரை. இப்படிக் கட்டியவை உடனே விழுந்துவிடுவதில்லை. தூண் விட்டுக்கொடுத்த பங்கைப் பீம் தன் நடுவில் ஏற்றுக்கொண்டு கூடுதலாகத் தொங்கும். பீமுக்குச் சற்றுக் கீழே, தூணின் வெளிமுகத்தில் கிடையாக ஒரு கீறல் ஓடும். பூச்சு வெடித்திருக்கிறது என்று நினைத்துப் பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிடுவார்கள்.

நான் தூணைத் திருப்பினேன். 450 பீமின் திசையில் வந்தது. திருப்பினால் மட்டும் தீர்ந்துவிடாது என்பது இந்த வேலையின் இன்னொரு நுணுக்கம். தூண் விறைப்பானதும் பீமிலிருந்து அதிகமாக இழுத்துக்கொள்கிறது. 7 டன்-மீட்டர் 17 ஆனது. எட்டுக் கம்பிகளையும் 20 மி.மீ. ஆக்கி, மும்மூன்றாக முகங்களிலும் இரண்டை நடுவிலும் வைத்ததும் தூணின் திறன் 18ஐ ஒட்டி வந்து நின்றது. ஹாலுக்குள் ஒன்பது அங்குலம் தூண் துருத்தும் என்று சொன்னபோது வீட்டம்மா சற்று யோசித்துவிட்டு, அந்த இடைவெளிகளில் அலமாரி அடித்துக்கொள்கிறோம் என்றார்.

மேஸ்திரிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், கீழ 16, மேல 20 போட்டிருக்கு. தலைகீழா இருக்கே? மேல ஒண்ணுமே இல்லையே, வெறும் ரூஃப்தானே?"

"அதனாலதான் மேஸ்திரி. கீழ எடை அழுத்திப் பிடிச்சுக்கும். மேல பிடிக்க ஆளில்ல, பீம் மட்டும் திருப்பும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சரியான கேள்வியைக் கேட்டார்: "அப்ப இந்த 20 எங்கேர்ந்து கிளம்பணும்?" முதல் தளத் தூணின் நடு உயரத்திலிருந்து, 16 மி.மீ. கம்பியோடு அங்கேயே பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, அதாவது லேப் போட்டு. உச்சியில் பீமின் மேல்கம்பி தூணுக்குள் கீழ்நோக்கி மடங்கி இறங்க வேண்டும், தூண் கம்பி பீமின் தலைவரை போய் உள்பக்கம் மடங்க வேண்டும். அந்த மூட்டுக்குள்ளும் ரிங் விடாமல் ஓட வேண்டும். படத்தின் ஓரத்தில் அந்த மூட்டை மட்டும் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு கம்பிக்கும் நீளம் எழுதிக் கொடுத்தேன். லேப் வரும் இடத்தில் ரிங் நெருக்கமாக வரும், கம்பி கட்டுகிறவருக்கு அரைநாள் கூடுதல் கூலி ஆகும் என்றார். அதையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டோம்.